ஆயிரம் பொன்னும் ஒரு குதிரையின் என்பும்

ஒரு மக்கட் கூட்டத்தினரின் வரலாற்றனுபவம் அவர்தம் பேரிலக்கியங்களிலும் சாசனங்களிலும் மட்டுமன்றி, அன்றாடப் பேச்சில் அவர்கள் எண்ணாமலே எடுத்தாளும் தொடர்களிலும் உறைந்து கிடக்கின்றது. இதனைச் சீன மொழியிற் சிறப்பாகக் காணலாம். சீனர் 'செங்யூ' என வழங்கும் மரபுத்தொடர்கள் பெரும்பாலும் நான்கு எழுத்துக்களால் ஆனவை. பழஞ் சீனத்தில் ஓரெழுத்துப் பெரும்பாலும் ஒரு சொல்லாகவே நிற்பதால், நான்கு சொற்களுக்குள் ஒரு கதையும், அக்கதைக்குள் ஒரு காலத்தின் அரசியலும் அடங்கிவிடுகின்றன. கதையை அறிந்தவனுக்கு அத்தொடர் ஒரு நூலுக்கு நிகர். அறியாதவனுக்கோ வெறும் விடுகதை.

அத்தகைய விடுகதைகளுள் ஒன்று 'ச்சியென் ஜின் மாய் கு' என்பது. ஆயிரம், பொன், வாங்கு, என்பு என்பனவே அந்நான்கு எழுத்துக்களும் முறையே உணர்த்தும் பொருள்கள். 'ஆயிரம் பொன் கொடுத்து என்பு வாங்குதல்' எனத் தமிழிற் கூறலாம். முதற் பார்வையில் இது ஊதாரித்தனத்தைப் பழிக்கும் தொடர்போலத் தோன்றும். ஆயின், சீனர் இதனைப் புகழ்ச்சியாகவே வழங்குகின்றனர். அறிவும் ஆற்றலும் உடையோரைத் தம்பால் ஈர்க்க விரும்பும் ஒருவர், அவ்விருப்பத்தின் உண்மையை உலகுக்கு உணர்த்தும் பொருட்டு எவ்விலையும் கொடுக்க முன்வருதலையே இத்தொடர் குறிக்கின்றது. பயனற்ற என்புக்குக் கொடுத்த விலை எவ்வாறு அறிஞரை அழைக்கும் வழியாயிற்று என்பதை அறிவதற்கு, இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சீனாவை நோக்குதல் வேண்டும்.

கி.மு. 221இல் சின் அரசு சீன நிலப்பரப்பு முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவருவதற்கு முற்பட்ட இரண்டரை நூற்றாண்டுக் காலம் 'போரிடும் நாடுகளின் காலம்' என வழங்கப்படுகின்றது. ஏழு பேரரசுகள் ஒன்றையொன்று விழுங்க முயன்ற காலம் அது. அவ்வேழனுள் வடகிழக்கு எல்லையில் அமைந்திருந்தது யென் நாடு. இன்றைய பெய்ஜிங் நகர்ப்பகுதியில் அமைந்த ஜி என்பதே அதன் தலைநகர். ஏனைய நாடுகளோடு ஒப்பிடுமிடத்து யென் வலிமை குன்றியது. அதன் தெற்கே இருந்த சி நாடோ செல்வத்திலும் படையிலும் மேலோங்கியது.

யென் நாட்டுக்கு நேர்ந்த பேரழிவு வெளியிலிருந்து மட்டும் வந்ததன்று. குவாய் என்னும் மன்னன், பண்டைய புராண வேந்தர் தம் மக்களுக்கன்றித் தகுதியுடையார்க்கே அரசுரிமையை ஈந்தனர் என்னும் கதையில் மயங்கி, தன் அமைச்சன் ட்சிச்சி என்பானிடம் ஆட்சியை ஒப்படைத்தான். தகுதியைப் போற்றுதல் என்னும் பெயரால் நிகழ்ந்த அச்செயல் உள்நாட்டுப் போரில் முடிந்தது. அத்தருணம் பார்த்துக் கி.மு. 314இல் சி நாட்டுப் படைகள் யென்னுட் புகுந்தன. மன்னனும் அமைச்சனும் மாண்டனர்; தலைநகர் வீழ்ந்தது. சில ஆண்டுகளின் பின், கி.மு. 311இல், அச்சிதைவின் நடுவே அரசுகட்டில் ஏறியவனே சாவோ மன்னன். நாட்டை மீட்பதும் பழி தீர்ப்பதும் அவனுடைய இரு நோக்கங்கள். இரண்டுக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். வறிய, தோற்றுப்போன, எல்லைப்புற நாடொன்றுக்கு அறிஞரும் வீரரும் ஏன் வருவர் என்பதே அவன்முன் நின்ற வினா.

அவ்வினாவோடு அவன் அணுகிய முதியவர் குவோ வெய் என்பார். இருவருக்கும் இடையே நிகழ்ந்த உரையாடல் 'போரிடும் நாடுகளின் சூழ்ச்சியுரைகள்' என்னும் தொகுப்பு நூலில் இடம்பெற்றுள்ளது. பல கைகளால் எழுதப்பட்டுச் சிதறிக் கிடந்த உரைகளை ஒழுங்குபடுத்தி அந்நூலை ஆக்கியவர் கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த லியூ சியாங். மன்னனுக்கு நேரடியாக அறிவுரை கூறுமுன் குவோ வெய் அரசரை நான்கு வகையினராகப் பகுத்துக் காட்டினார். அறிஞரை ஆசானாகக் கொள்பவன், நண்பனாகக் கொள்பவன், பணியாளனாகக் கொள்பவன், அடிமைகளாற் சூழப்பட்டு வாழ்பவன் என்பது அப்பகுப்பு. முதலாமவன் பேரரசனாவான், இறுதியானவன் நாட்டை இழப்பான். எவரைத் தேடுவது என மன்னன் வினவியபோதே அவர் குதிரைக் கதையைக் கூறினார்.

முற்காலத்து மன்னன் ஒருவன் நாளொன்றில் ஆயிரம் லீ தொலைவு ஓடவல்ல குதிரையொன்றை விரும்பி, அதற்கென ஆயிரம் பொன்னை ஒதுக்கினான். லீ என்பது ஏறத்தாழ நானூறு மீற்றர் கொண்ட அளவாதலின், அத்தகைய குதிரை கற்பனையின் எல்லையைத் தொடுவது. மூன்றாண்டுகள் கழிந்தும் குதிரை கிட்டவில்லை. அரண்மனைப் பணியாள் ஒருவன் தான் தேடிவருவதாகக் கூறிப் பொன்னோடு புறப்பட்டான். மூன்று திங்களில் அவன் அத்தகைய குதிரை ஒன்றைக் கண்டான். ஆனால் அது ஏற்கெனவே இறந்துவிட்டிருந்தது. அதன் என்பை ஐந்நூறு பொன் கொடுத்து வாங்கி மீண்டான். உயிருள்ள குதிரையை நாடியவனுக்குப் பிணத்தைக் கொணர்ந்து பொன்னையும் வீணடித்தாயே என மன்னன் சினந்தான். பணியாளோ கலங்கவில்லை. இறந்த குதிரைக்கே ஐந்நூறு பொன் கொடுப்பவர் உயிருள்ளதற்கு எவ்வளவு கொடுப்பார் என உலகம் எண்ணும் என்றும், குதிரைகள் தாமே வந்துசேரும் என்றும் விடையிறுத்தான். ஓராண்டு நிறையுமுன் ஆயிரம் லீக் குதிரைகள் மூன்று அரண்மனை வாயிலுக்கு வந்தன.

கதையை முடித்த குவோ வெய், அறிஞரை வரவழைக்க விரும்பின் தன்னிலிருந்தே தொடங்குமாறு மன்னனிடம் கூறினார். தன்னைப் போன்ற எளியவனே மதிக்கப்படுவதைக் கண்டால் தன்னினும் மேம்பட்டோர் தொலைவைப் பொருட்படுத்தார் என்பது அவர் வாதம். மன்னன் அதனை ஏற்றான். அவருக்கென மாளிகை சமைத்து அவரை ஆசானாக மதித்தான். அதன்பின் வெய் நாட்டிலிருந்து யுவே யீ வந்தான். சி நாட்டிலிருந்து தத்துவ அறிஞர் ட்சோ யென் வந்தார். சாவோ நாட்டிலிருந்து ஜூ சின் வந்தான். (மன்னன் பெயரும் அந்நாட்டின் பெயரும் தமிழில் ஒன்றாக ஒலிப்பினும் சீனத்தில் அவை வெவ்வேறு எழுத்துக்கள்.) இருபத்தெட்டு ஆண்டுகள் உழைத்து நாட்டை வளப்படுத்திய சாவோ மன்னன், கி.மு. 284இல் யுவே யீயைத் தளபதியாக்கி, வேறு நாடுகளின் துணையோடு சி நாட்டைத் தாக்கினான். சி நாட்டின் தலைநகர் லின்சி வீழ்ந்தது. எழுபதுக்கு மேற்பட்ட நகரங்கள் யென் வசமாயின. ஜூ, ஜிமோ என்னும் இரு நகரங்களே எஞ்சின.

இக்கதையின் நுட்பம் ஊன்றி நோக்கற்பாலது. கதையில் என்புக்குக் கொடுக்கப்பட்ட விலை ஐந்நூறு பொன்னே. மரபுத்தொடரோ ஆயிரம் என்கின்றது. குதிரைக்கென ஒதுக்கிய தொகையும் என்புக்குக் கொடுத்த தொகையும் மக்கள் நாவில் ஒன்றாகிவிட்டன. இது வெறும் மறதியன்று. ஈகையின் அளவைப் பெருக்கிக் கூறும் வழக்காறே அங்கு தொழிற்பட்டுள்ளது எனலாம்.

அதனினும் முக்கியமானது, பணியாள் உண்மையில் எதனை வாங்கினான் என்னும் வினா. மூன்றாண்டுகளாகக் குதிரை கிட்டாமைக்குக் காரணம் உலகில் நற்குதிரைகள் இல்லாமை அன்று. அவ்வாறாயின் ஓராண்டில் மூன்று வந்திரா. நற்குதிரை உடையவன் அதனை வெளிக்காட்ட அஞ்சினான் எனக் கொள்வதே பொருத்தம். அரசன் விலை கொடுப்பானா, பறித்துக்கொள்வானா என்பதை அவன் எவ்வாறு அறிவான்? உயிருள்ள குதிரைக்குப் பெருவிலை கொடுத்திருப்பின் அது குதிரையின் பெருமைக்குச் சான்றாகுமேயன்றி வாங்குபவனின் நேர்மைக்குச் சான்றாகாது. பயனற்ற என்புக்கு விலை கொடுத்தபோதே சொன்ன சொல் காப்பாற்றப்படும் என்பது ஊரறிய உறுதியாயிற்று. எனவே ஐந்நூறு பொன்னுக்கு வாங்கப்பட்டது நம்பிக்கையே. பணியாளின் கையில் இருந்த என்பு அந்நம்பிக்கைக்கு எழுதப்பட்ட பற்றுச்சீட்டு.

ஆயினும் இக்கதையை அறவுரையாக மட்டும் கொள்ளுதல் முழுமையான நோக்காகாது. எச்சமுதாயச் சூழலில், எவர் நலன் கருதி இது கூறப்பட்டது என்பதையும் ஆராய்தல் தகும். இரும்புக் கருவிகளின் பரவலும் ஓயாத போரும் பழைய பரம்பரைப் பிரபுத்துவத்தை ஆட்டங்காணச் செய்த காலம் அது. பிறப்பால் நிலம் பெறாத, ஆயின் எழுத்தும் சொல்வன்மையும் போர்க்கலையும் கற்ற 'ஷி' என்னும் வகுப்பினர் நாடு நாடாகச் சென்று அரசர்க்குத் தம் அறிவை வழங்கிப் பிழைத்தனர். கி.மு. 361 அளவில் சின் நாட்டு வேந்தனின் அழைப்பைக் கேட்டு வெய் நாட்டிலிருந்து அங்கு சென்ற ஷாங் யாங், அந்நாட்டின் சட்டங்களையே மாற்றியமைத்தார். அறிவே முதலாகக் கொண்ட இவ்வகுப்பினருக்கு, அறிஞர் விலைமதிப்பற்றோர் என அரசரை நம்பவைப்பது வாழ்க்கைத் தேவை. குதிரைக் கதையைக் கூறியவரும் அவ்வகுப்பினர். அதனைப் பேணி எழுதியவரும் அவ்வகுப்பினர்.

குவோ வெய் தன்னைச் செத்த குதிரையின் என்புக்கு ஒப்பிட்டார். அது பணிவு; அதேவேளை அக்கதையின் பயனாக மாளிகையும் ஆசான் நிலையும் பெற்றவர் அவரே. பணிவும் தன்னலமும் ஒரே சொல்லில் இவ்வளவு நயமாகக் கூடிய இடம் வேறு காண்பது அரிது. அவர் அரசனை ஏமாற்றினார் என்பது இதன் பொருளன்று. அரசன் நலமும் அவர் நலமும் அவ்விடத்தில் ஒன்றாயின. வரலாற்றாசிரியர் சுமா ச்சியென் இந்நிகழ்ச்சியைத் தம் நூலிற் குறிப்பிடும்போது குதிரைக் கதையைக் கூறாது, தன்னிலிருந்து தொடங்குக என்னும் குவோ வெய்யின் வேண்டுகோளை மட்டும் தருவதும் இங்கு கருதத்தக்கது. வரலாற்றுக்கு அவ்வளவே போதுமாயிருந்தது. மக்கள் நினைவுக்கோ குதிரை தேவைப்பட்டது.

மரபுத்தொடர் குதிரைகளின் வருகையோடு நின்றுவிடுகின்றது. வரலாறு அவ்வாறு நிற்கவில்லை. கி.மு. 279இல் சாவோ மன்னன் இறக்க, அவன் மகன் ஹுய் அரசனானான். இளவரசனாக இருந்தபோதே யுவே யீயை வெறுத்தவன் அவன். இதனை அறிந்த ஜிமோ நகரத் தலைவன் தியென் டான், யுவே யீ தானே சி நாட்டின் மன்னனாக விரும்பியே எஞ்சிய இரு நகரங்களையும் கைப்பற்றாது காலந் தாழ்த்துகின்றான் என ஒற்றர் வாயிலாக வதந்தி பரப்பினான். ஹுய் அதனை நம்பித் தளபதியை மாற்றினான். உயிருக்கு அஞ்சிய யுவே யீ சாவோ நாட்டிற் புகலடைந்தான். கொம்புகளில் வாள் கட்டி, வாலிற் கொழுப்புத் தோய்த்த நாணலிற் தீ மூட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்ட எருதுகளை இரவில் யென் படைமீது ஏவினான் தியென் டான். எழுபது நகரங்களும் மீண்டும் சி நாட்டின் வசமாயின. இருபத்தெட்டு ஆண்டுகளில் ஈட்டிய வெற்றி ஒரு வதந்தியால் அழிந்தது.

தந்தை, மகன், பேரன் என்னும் முறையில் வந்த யென் மன்னர் மூவரையும் ஒருங்கு வைத்து நோக்கும்போதே இக்கதையின் முழுப்பொருள் புலனாகின்றது. முதலாமவன் தகுதியென்னும் சொல்லில் மயங்கி ஆராயாது அனைத்தையும் கொடுத்தான். இரண்டாமவன் ஆராய்ந்து கொடுத்தான், கொடுத்தபின் நம்பினான். மூன்றாமவன் தந்தை விலை கொடுத்துப் பெற்ற நம்பிக்கையை விலையின்றி இழந்தான். பொன் ஆட்களைக் கொணரும். அவர்களை வைத்திருப்பது வேறொன்று என்பதை மரபுத்தொடர் கூறவில்லை, ஆனால் அதன் வரலாறு கூறுகின்றது.

பின்வந்த அறிஞர் இதனை உணர்ந்திருந்தனர். கொன்பூசியசின் வழித்தோன்றலான கொங் ரொங், தன் நண்பன் ஒருவன் சுன் வம்சத்தாரின் ஆட்சிப்பகுதியில் உயிராபத்தில் இருப்பதையறிந்து, கி.பி. 204 அளவில் சாவ் சாவ் என்னும் பேராற்றல் வாய்ந்த படைத்தலைவனுக்குக் கடிதம் எழுதினார். நண்பனை அழைத்து ஆதரித்தால் பிற அறிஞரும் நாடி வருவர் என வற்புறுத்த அவர் எடுத்தாண்டது குதிரை என்பின் கதையையே. குவோ வெய்யின் கதையில் என்பு வாங்கியவன் பெயரற்ற பழைய மன்னன். கொங் ரொங்கின் கடிதத்திலோ யென் நாட்டரசனே அதனை வாங்கியவனாகக் கூறப்படுகின்றான். உவமை வரலாற்றோடு கலந்துவிட்டதற்கு இது நல்ல சான்று. கடிதம் பயன்தந்தது, அழைப்பாணை விடுக்கப்பட்டது. ஆனால் அது சென்றடையுமுன் நண்பன் கொல்லப்பட்டிருந்தான். நான்காண்டுகளின் பின், 208இல், கொங் ரொங்கையே சாவ் சாவ் கொல்வித்தான். அவனே 210இல் ஒழுக்கக் குறையுடையாராயினும் திறமையுடையாரைத் தன்னிடம் பரிந்துரைக்குமாறு புகழ்பெற்ற ஆணையொன்றைப் பிறப்பித்தான். அறிஞரை விரும்புவதும் அறிஞரை அஞ்சுவதும் ஒரே மனத்தில் வாழக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சீனச் சிந்தனையிற் குதிரையை வைத்துப் பேசப்படும் மற்றொரு கதை பொ லே என்னும் குதிரை நோட்டக்காரனைப் பற்றியது. தாங் காலத்து உரைநடை ஆசிரியர் ஹான் யூ (768–824) அதனை அடிப்படையாகக் கொண்டு சிறு கட்டுரை ஒன்று வரைந்தார். நற்குதிரைகள் எக்காலத்தும் உள்ளன. அவற்றை இனங்காணும் கண்ணே அரிது என்பதும், வயிறார உணவின்றி எக்குதிரையும் ஆயிரம் லீ ஓடாது என்பதும் அதன் சாரம். இரு கதைகளும் ஒரே பொருளைப் பேசினும் அவற்றிடையே அடிப்படை வேறுபாடு உண்டு. பொ லே கதையில் திறமையுடையோன் தன்னை அறியும் ஒருவன் வரும்வரை இலாயத்திற் காத்திருக்கின்றான். என்புக் கதையிலோ ஒரு பகிரங்கச் செயல் ஊரெங்கும் பேசப்பட்டு, முகமறியாதோரையும் வரவழைக்கின்றது. முன்னையது தனிமனிதன் கண்ணை நம்புவது. பின்னையது அனைவருக்கும் தெரிந்த ஒரு விதியை நம்புவது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1905 வரை ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் சீனாவில் நிலவிய அரசாங்கத் தேர்வு முறையும், குறைபாடுகள் பல கொண்டிருந்தும், இவ்விரண்டாவது வழியைச் சார்ந்ததே.

குவோ வெய்க்குச் சாவோ மன்னன் அமைத்த மாளிகை காலப்போக்கிற் கவிஞர் கற்பனையில் 'பொன் மேடை' ஆயிற்று. மதிக்கப்படாத அறிஞர் பலர் அம்மேடையை நினைத்து ஏங்கினர். 696–697இல் வடகிழக்குப் போர்முனைக்குச் சென்ற கவிஞர் சென் ட்சி-ஆங், தம் ஆலோசனையைப் படைத்தலைவன் புறக்கணித்த மனவேதனையோடு பழைய யென் மண்ணில் நின்று, சாவோ மன்னனையும் குவோ வெய்யையும் நினைந்து கவிதைகள் பாடினார். பெய்ஜிங் நகரின் மரபுவழிப்பட்ட எட்டு எழிற்காட்சிகளுள் 'பொன் மேடையில் அந்திவெயில்' என்பதும் ஒன்று. இன்று அப்பெயர் நகரின் நிலக்கீழ்ப் புகையிரத நிலையம் ஒன்றுக்கு வழங்குகின்றது.

கடல் கடந்து யப்பானுக்குச் சென்ற அதே கதை அங்கு வேறு வடிவம் பெற்றது. யப்பானியர் என்பை விட்டுவிட்டு, 'வெய்யிலிருந்து தொடங்கு' என்னும் பகுதியையே பழமொழியாக்கினர். அதன் பொருளும் மாறிற்று. பெருஞ்செயலை அண்மையிலுள்ள சிறு செயலிலிருந்து தொடங்குக என்றும், ஒன்றைச் செய்யவேண்டுமெனச் சொல்பவனே அதை முதலிற் செய்க என்றும் இன்று அது பொருள்படுகின்றது. சலுகை கேட்டவரின் சொல் கடமையை உணர்த்தும் சொல்லாகியது. குவோ வெய் இதனைக் கேட்டிருப்பின் சற்று வியந்திருப்பார்.

ஆற்றல் படைத்தோரைப் பிற நாடுகளிலிருந்து ஈர்க்கும் முயற்சி இக்காலத்தும் ஓயவில்லை. 2008இல் வெளிநாடுகளிலுள்ள ஆய்வறிஞரை வரவழைக்கச் சீன அரசு தொடங்கிய திட்டம் 'ஆயிரம் பேர் திட்டம்' எனப் பெயர் பெற்றது. பழந்தொடரும் இத்தகைய சூழலில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகின்றது. அவ்வாறு எடுத்தாளும்போது இரண்டு உண்மைகள் மறக்கப்படுதல் கூடாது.

முதலாவது, இக்கதையில் அறிஞன் குதிரையாக உருவகிக்கப்படுகின்றான். குதிரைக்கு விலையுண்டு, உணவுண்டு, ஓட்டமுண்டு. எங்கு ஓடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மட்டும் இல்லை. யுவே யீயின் அறிவு எழுபது நகரங்களைக் கைப்பற்றவே பயன்பட்டது. அந்நகரங்களின் உழவரும் கைவினைஞரும் எத்தகைய துன்பம் எய்தினர் என்பதை மரபுத்தொடர் பேசுவதில்லை. திறமையைத் தேடு என்பது பாதி அறிவுரை. எதற்காக என்பது மறுபாதி. இரண்டாவது, என்புக்குக் கொடுத்த விலையின் பயன் ஒருமுறையோடு தீர்ந்துவிடுவதன்று. ஒவ்வொரு தலைமுறையும் அவ்விலையைப் புதிதாகக் கொடுத்தாக வேண்டும். ஹுய் மன்னன் கொடுக்க மறுத்தது பொன்னையன்று. குற்றம் சாட்டப்பட்ட ஒருவனை அழைத்து அவன் விடையைக் கேட்கும் பொறுமையையே.

யுவே யீ சாவோ நாட்டில் இருந்தான். அவன் பகைவரோடு சேர்ந்து தாக்குவானோ என அஞ்சிய ஹுய், பின்னர் வருத்தந் தெரிவித்தும் குறைகூறியும் ஓலை விடுத்தபோது, யுவே யீ எழுதிய மறுமொழி சீன உரைநடையின் சிறந்த கடிதங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. அதில் அவன் பெற்ற பொன்னை எண்ணிக் கூறவில்லை. தன்னை நம்பிய இறந்த மன்னனையே நினைவுகூர்ந்தான். கி.மு. 222இல் யென் நாடு சின் படைகளுக்கு முன் அழிந்தது. நாடும் மாளிகையும் மறைந்தபின் எஞ்சியவை நான்கு எழுத்துக்கள். அவற்றைப் படிப்போர் பொன்னின் தொகையைவிட, அத்தொகை வாங்கித்தந்த நம்பிக்கை எத்தனை காலம் காக்கப்பட்டது என்பதையே கணக்கிடுதல் தகும்.